முகம் கழுவிய தண்ணீர்

கீழளத்தில் முகம் கழுவிய தண்ணீரில் முந்தின நாள் பார்த்ததெல்லாம் இறங்க ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்தில், பாத்திகளில் அந்த வருஷத்து முதல் உப்பு பூத்து, இன்றைக்கே வாரலாமா இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று கங்காணி தாடையைச் சொறிந்துகொண்டிருந்த சமயத்தில். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தியும் அதன் ஓரத்தில் வரிசையாக ஓட்டு வீடுகளுமாகக் கிடக்கிற ஊர் அது. சனங்கள் எல்லாரும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள், நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். ஆகையால், அலுமினியச் சட்டியில் முகத்தைக் கழுவிவிட்டு நிமிரப்போன குணவதி, தண்ணீருக்குள் எதிர்வீட்டுக்காரி காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாடு ஒன்றுவிடாமல் கிடப்பதைக் கண்டதும், மாயம் என்றோ மந்திரம் என்றோ நினைக்கவில்லை. லாரிக்காரனைத்தான் ஏசினாள்.

"எந்தக் குளத்துல மோந்துட்டு வாரான் இவன்? தண்ணிக்குள்ள கருவாடுல்லா கெடக்கு!"

கையை விட்டுத் துழாவினாள். கருவாடு கலைந்து, கையை எடுத்ததும் மறுபடி கூடியது. முந்தின நாள் சாயங்காலம், கேட்டால் தருவாளா மாட்டாளா என்று அந்தக் கருவாட்டை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது உண்மைதான். பக்கத்தில் நின்ற அவளுடைய தம்பி பெண்டாட்டி தங்கபுஷ்பம் தன் சட்டியை எட்டிப் பார்த்தாள். அதில் அவள் முந்தின நாள் வைத்த உலை கொதித்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாதிப் பேர் அவரவர் சட்டியில் அவரவர் நேற்றைப் பார்த்துவிட்டார்கள். லாரிக்காரன் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தான். குடிநீர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய், உப்பு கொஞ்சம் கூடுதல், மற்றபடி குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். லாரியை மாற்றிப் பார்த்தார்கள், கடையில் விலைகொடுத்து வாங்கிய தண்ணீரில் கழுவிப் பார்த்தார்கள், மழைக்காலத்தில் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரிலும் கழுவிப் பார்த்தார்கள். எதில் கழுவினாலும் கருவாடு பார்த்தவளுக்குக் கருவாடுதான் வந்தது. கடைசியில், கோளாறு தண்ணீரில் இல்லை, கண்ணில்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டு வேலைக்குப் போனது.

அதன் நடைமுறை சீக்கிரமே எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. காலையில் முதல்முறை கழுவுகிற தண்ணீரில்தான் இறங்கும். கண் எதைக் கருத்தாகப் பார்த்ததோ அது கண்ணாடி போலத் தெளிவாக வரும், சும்மா கண்ணில் பட்டதெல்லாம் திட்டுத் திட்டாக ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஒரு நாள் கழுவாவிட்டால் அந்த நாள் கண்ணுக்குள்ளேயே தங்கும், அதன்மேல் அடுத்த நாள் படியும். அழுதாலும் இறங்கும். புருஷனோடு சண்டைபோட்டு அழுத ஒருத்தியின் முந்தானை ஈரத்தில் அவனுடைய மீசை மட்டும் துண்டாகத் தெரிந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். கழுவினால் நடந்தது மறந்துபோகுமா என்றால், இல்லை, நினைப்பு நினைப்பாகத்தான் இருக்கும், கண்ணுக்குள் இருந்த உருவம் மட்டும் போய்விடும். போனால் போனதுதான், மறுபடி ஏறாது. மகள் கழுத்தில் தாலி ஏறிய காட்சியை ஊறுகாய்ப் பாட்டிலில் ஊற்றி மூடி அலமாரியில் பத்திரப்படுத்தினாள் ஒருத்தி. பிறகு ஆசையாகத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி அடியில் ஒரு சிட்டிகை உப்புதான் கிடந்தது. உப்பளத்துக்காரிக்கு அதில் என்ன அதிசயம், எடுத்துக் குழம்பில் போட்டுவிட்டாள்.

இதில் உண்மையாக ஜெயித்தது எப்சிபா நர்சம்மாதான். பாவம், அவள் எத்தனையோ வருஷமாக ஸ்கூட்டியில் வந்து, மாதாகோவில் நிழலில் பெண்களை உட்காரவைத்து, காலையிலும் ராச்சாப்பாட்டுக்குப் பிறகும் பல் விளக்குங்கள், காதில் ஊக்கையும் கொண்டையூசியையும் விட்டுக் குடையாதீர்கள், பாத்தியில் இறங்குமுன் காலில் தேங்காயெண்ணெய் தேயுங்கள், ஏறினதும் நல்ல தண்ணீரில் உப்பை அலசுங்கள், கண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காட்டில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும் கீழேயிருந்தும் அடிக்கும், ஆகையால் கறுப்புக் கண்ணாடியைப் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். சனங்கள் தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த கண்ணாடியைக் கொடைவிழாவில் போட்டோ எடுக்கப் போட்டுக்கொண்டார்கள். இப்போதோ ஒருவரும் சொல்லாமல் ஊரே விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தது. சிவந்த கண்ணும் பீளை வடிகிற கண்ணும் பங்குனிக்குள் ஊரைவிட்டுப் போயின. கண்ணாடி போட்டால் சட்டியில் காட்சி இருட்டாக வருகிறது என்று சிலர் முரண்டியபோது, "அங்க என்ன, வெள்ளையத்தான பாக்கிய. அளத்துல போடுங்க, வீட்டுக்கு வந்து கழத்துங்க" என்று அவள் பேசி முடித்தாள்.

கண்ணில் இப்படி என்றால் மற்றதில் எப்படியோ என்ற ஆசையும் சனங்களை விடவில்லை. பல் விளக்கி வாய் கொப்பளித்த தண்ணீரில் நேற்றுப் பேசின பேச்சு தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். கடலைமிட்டாய்த் துணுக்குதான் வந்தது. காதைத் துடைத்த துணியைக் காதோடு வைத்துக் கேட்டார்கள். காலையில் குளித்த தண்ணீரைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கிற சாக்கில் பல்லும் காதும் உடம்பும் சுத்தமாகிக்கொண்டுதான் வந்தன, அதை நர்சம்மா ஒருத்திதான் கவனித்தாள்.

முதல் மாதம் ஊருக்குள் சண்டைக்குக் குறைவில்லை. புருஷன் சட்டியைப் பெண்டாட்டி எட்டிப் பார்ப்பதும், மருமகள் சட்டியை மாமியார் எட்டிப் பார்ப்பதுமாக, தெருவே சட்டியும் கையுமாக நின்றது. சந்தைக்குப் போய்வந்த ஒருவன் சட்டியில் காய்கறிக்காரியின் மூக்குத்தி மட்டும் அவ்வளவு பெரிதாக வந்து, அவன் மூன்று வேளை பட்டினி கிடந்தான். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளைக் கண் கழுவச் சொல்லிப் பார்த்து, கரும்பலகை ஒருவன் தண்ணீரிலும் வராமல் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த காக்கா அத்தனை பேர் தண்ணீரிலும் வந்ததைக் கண்டு, மறுநாள் வகுப்பை வெளியே காக்காவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடு திருடு போன வழக்கில் சாட்சியைக் கூட்டிப்போய்க் கழுவச் சொன்னார்கள் போலீஸ்காரர்கள். சாட்சி ஆட்டுப் பிரியன், ஆடுதான் வந்தது, திருடன் கால் மட்டும் ஓரத்தில் திட்டாக நின்றது.

பிறகு எல்லாம் படிந்துவிட்டது. அடுத்தவர் சட்டியில் எட்டிப் பார்ப்பது அடுத்தவர் வீட்டு அடுப்பில் மூடியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. கழுவின தண்ணீரை மிதிபடுகிற இடத்தில் ஊற்றாமல் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினார்கள். கொடையன்று அம்மனை அலங்காரத்தில் பார்த்தவர்கள், ஒரு நாள் இருக்கட்டும் என்று மறுநாள் கழுவாமல் இருந்தார்கள். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மறுநாள் விடியுமுன்பே எழுந்து கழுவினார்கள். அதிசயம் என்ற பேச்சே ஆனிக்குள் போய்விட்டது. கீழளத்தில் கேட்டால், ஊர்த் தண்ணீருக்கு உப்பு ருசி உண்டு என்று சொல்கிற மாதிரிதான் இதையும் சொல்வார்கள்.

தங்கபுஷ்பத்தின் புருஷன் லிங்கதுரை உப்பு லாரியில் ஏற்று இறக்குக்குப் போகிறவன். வாய் ஓயாமல் பேசுகிறவன், பெண்டாட்டியைச் சீண்டாமல் அவனுக்கு ஒரு காலை விடியாது. முகம் கழுவினதும் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிடுவான். சட்டிக்குள்ளே தங்கபுஷ்பம் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்துபோவாள், பின்கழுத்து வேர்வை உள்பட.

"பாத்தியாட்டி, சட்டி நெறைய நீதான்."

"கூறுகெட்ட மனுசன். பிள்ள நிக்கா."

"நிக்கட்டும். ஒன் சட்டியில ஒரு நாளாவது நான் வாரனான்னு பாக்கேன். பானை வருது, அடுப்பு வருது, வெளக்கமாறு வருது. நான் மட்டும் வரமாட்டேங்கேன்."

"ஒங்களப் பாத்துக்கிட்டே இருந்தா சோத்த யாரு வடிப்பா?"

மகள் சந்தனமாரி, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த நாடகத்தை நாள் தவறாமல் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

ஆனி மாதத்து ஒரு காலையில் லிங்கதுரை வழக்கம்போல "வாரேன்ட்டி" என்றான், தங்கபுஷ்பம் "ம்" என்றாள், அவன் போனான். மத்தியானம் பைபாஸில் லாரி கவிழ்ந்து, மேலே உட்கார்ந்திருந்தவன் உப்புக்கு அடியில் போய்விட்டான். சாயங்காலம் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள்.

ஊர் அழுதது. குணவதி மண்ணில் புரண்டு அழுதாள். தங்கபுஷ்பம் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாகக் குரல் வந்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை.

"எந் தம்பி மொகத்தப் பாக்கமாட்டாளாமா இவ?" என்று குணவதி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கல்லாட்டி நீ?"

தங்கபுஷ்பம் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். "மைனி, காலையில போனாவல்லா, அது கண்ணுக்குள்ள இருக்கு. வாசல்ல நின்னு வாரேன்னு சொன்னாவ. இதப் பாத்தா அதுமேல இது படிஞ்சிரும். அழுதா எறங்கிரும். என்னய விட்டுருங்க."

குணவதி உள்ளே போய்த் தம்பியின் பழைய துண்டு ஒன்றைக் கிழித்து வந்து, தங்கபுஷ்பத்தின் கண்ணைச் சுற்றித் தானே கட்டினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது கட்டு நனையாமல் இரண்டு பெண்கள் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருத்தரும் அவளைக் கல் என்று சொல்லவில்லை. அவள் இருக்கிற இடத்தில் அழுகை வருகிற பேச்சை எடுக்காமலிருக்கப் பழகினார்கள், வெங்காயம் அரிகிற வேலையை அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள், காற்று தூசியை வாரி அடிக்கிற நாளில் யாராவது ஓடிவந்து அவள் முன்னால் முந்தானையை விரித்தார்கள். ஒரு மனுஷி ஒரு காட்சியைக் கண்ணுக்குள் பொத்தி வைத்திருக்கிறாள் என்றால் ஊர் அதற்குத் தக்க நடந்துகொள்ள வேண்டியதுதானே என்பது கீழளத்தின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கண் பாழாகிக்கொண்டிருந்தது.

நெற்றியிலிருந்து மூக்குக்கு மேல்வரை விட்டுவிட்டு மற்ற இடத்தைத்தான் அவள் கழுவினாள். வேர்வை இறங்காமலிருக்கப் புருவத்துக்கு மேல் துணி கட்டினாள். இமையில் பீளை காய்ந்து ஒட்டியது, கண் கோவைப்பழமாகச் சிவந்தது. இறங்காத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததில், எதிரே வருவது ஆளா கழுதையா என்று கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. வரப்பில் நாலு தரம் வழுக்கினாள். கூடையோடு பாத்திக்குள் விழப்போனதைப் பார்த்த கங்காணி, வீட்டில் இரு என்று சொல்லவும் மனமில்லாமல் வா என்று சொல்லவும் பயந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதிருந்து சனி ஞாயிறுகளில் சந்தனமாரி கூடவே போனாள். அப்பாவின் ரப்பர் பூட்ஸ் அவளுக்குப் பெரிது. வெறுங்காலோடு வரப்பில் முன்னால் நடந்து, "அம்மா இங்க சரிவு, அம்மா இங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே போவாள். அம்மாவின் கை நிற்கிற நேரத்தில் பாத்தியில் இறங்கி அவளே உப்பை வாருவாள்.

எப்சிபா நர்சம்மா வந்து வந்து பார்த்தாள். "கண்ணு போயிரும் தங்கபுஷ்பம். இன்னும் கொஞ்ச நாளு இப்பிடி விட்டா நான் மருந்து போட்டும் பிரயோசனம் இல்ல."

"போனாப் போட்டும் நர்சம்மா. உள்ள இருக்கது இருக்கும்லா."

நர்சம்மா மருந்துப் பையை மூடிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அவளும் அந்த ஊர் வழக்கத்துக்கு வந்துவிட்டவள்தான்.

புரட்டாசியில், உப்புக்காலம் முடிகிற தறுவாயில், ஒரு நாள் அவள் வேறு மாதிரி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பல்லும் கண்ணும் பார்க்கிற நாள் அது. ஸ்கூட்டியை நிறுத்தினவள் திண்டில்கூட உட்காரவில்லை.

"ஒம்மவ காலப் பாத்தியா?"

"சனி ஞாயிறெல்லாம் எங்கூடத்தான நர்சம்மா அளத்துக்கு வாரா."

"கூட வாரா. காலப் பாத்தியான்னு கேக்கேன்."

அவள் போன பிறகு தங்கபுஷ்பம் மகளைக் கூப்பிட்டுக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பார்த்தாள். பழுப்பாக ஏதோ இருந்தது. விரலால் தடவினாள். விரலிடுக்கெல்லாம் புண், குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் உப்பு நெருநெருவென்று நின்றது. தடவிய இடத்தில் மாரியின் கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்து, அலசி, துடைத்து, இந்தக் காலை மகளின் சின்ன வயசில் எப்படி வைத்திருந்தாள்!

"எப்பட்டி இது?"

"ரொம்ப நாளாச்சும்மா."

"சொல்லவேண்டியதுதான?"

"நீ பாத்துருப்பன்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது. பழகின பழக்கத்தில் மூச்சை நிறுத்தி அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, அப்படி விழுங்கியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. மகளுக்குத் தலை வாரிவிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாள். தடவித் தடவிச் சோறு போட்டதுதான் நினைவு வந்தது, போட்ட தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் நினைவு வரவில்லை.

விடிந்ததும் சொன்னாள். "மாரி, சட்டியில நல்ல தண்ணி மோந்துட்டு வா. நீயும் பக்கத்துல இரி. அப்பா எறங்குவாவ. ரெண்டு பேரும் பாத்துருவோம்."

மாரி தண்ணீரை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கபுஷ்பம் குனிந்து, நீரை அள்ளிக் கண்ணில் அடித்துவிட்டாள். காய்ந்த பீளை ஊறிக் கரைந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி அடித்தாள். மேலே படிந்தது முதலில் இறங்கியது. வெள்ளை. உப்பின் வெள்ளை, வெயிலின் வெள்ளை, அதன் அடியில் இன்னொரு வெள்ளை. நாள்மேல் நாளாக ஒன்றுமே இல்லாத வெள்ளை சட்டியில் வந்து சுழன்று போனது. சில நாட்களில் ஓரத்தில் ஒரு திட்டு ஒதுங்கி நின்றது. அது மாரியின் பள்ளிக்கூடப் பாவாடை என்று இருவருக்கும் தெரிந்தது. பிறகு முழுக்கக் கறுப்பு, கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த அந்தச் சாயங்காலம். தங்கபுஷ்பம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிதான். பாரு. இப்ப வருவாவ."

தண்ணீர் தெளிந்தது. பால் வந்தது.

அடுப்பில் வைத்த பால். சட்டி நிறைய, அவ்வளவு தெளிவாக. பாத்திரத்தின் விளிம்பில் இருந்த நசுங்கல் தெரிந்தது, ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பிய குமிழி தெரிந்தது, ஆடை சுருங்கி மடங்குவது தெரிந்தது. மேலே, ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாக ஒரு திட்டு நின்றது. அது அவனுடைய சட்டை நிறம். தங்கபுஷ்பம் மூச்சுவிடாமல் காத்திருந்தாள், இப்போது தலையைத் திருப்புவேன், இப்போது வாசலைப் பார்ப்பேன் என்று. திட்டு அசைந்தது, இல்லாமல் போனது. பால் பொங்கி எழுந்தது, கரித்துணியோடு அவளுடைய கை வந்து பாத்திரத்தை இறக்கியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மியும் தேங்காய்ச் சில்லும்தான் வந்தன.

"பாத்தேன்னுல்லா நெனச்சேன்" என்றாள் தங்கபுஷ்பம். "மாரி, நான் பாத்தேன்னுல்லா நெனச்சேன். பாலயா இத்தன நாளு வச்சிருந்தேன்?"

அப்போதுதான் அவள் அழுதாள். ஆனியில் அழவேண்டியதையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு, தெருவே எழுந்து வருகிற மாதிரி அழுதாள். கண்ணீர் சட்டியில் விழுந்து அம்மியும் தேங்காயும் கலைந்துபோயின. குணவதி பதறி ஓடிவந்து வாசலில் நின்று, உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டு, மற்றவர்களை வரவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேம்மா" என்றாள் மாரி.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கி நான் படியில உக்காந்து ரிப்பன் கெட்டிக்கிட்டு இருந்தேன். அப்பா போறத நான் பாத்தேன். மறுநாளு எல்லாரும் தலைக்கு ஊத்தும்போது என்னயும் கழுவச் சொல்லிட்டாவ. எறங்கிருச்சி. நீ இவ்வளவு பத்திரமா வச்சிருக்க, நான் மறுநாளே கழுவிட்டேனேன்னு, சொன்னா ஏசுவியோன்னு சொல்லல." மாரியின் உதடு கோணியது.

"ஏசமாட்டேன். சொல்லு."

"சட்டப் பொத்தான மாத்திப் போட்டுருந்தாவ. படியில நின்னு அவுத்துத் திரும்பப் போட்டாவ. வாய் ஓரத்துல பல்பொடி இருந்துச்சி, செவப்பா. தொடைக்காமலே போயிட்டாவ."

"அந்த மனுசன் என்னைக்கி ஒழுங்கா வாயக் கழுவிருக்கு" என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள் தங்கபுஷ்பம். "பொறவு?"

"தண்ணித்தொட்டிகிட்ட போயி நின்னு திரும்பிப் பாத்தாவ. நீ வாசலுக்கு வாரியான்னு பாத்தாவ போல. நீ வரல. நான் கையக் காட்டுனேன். சிரிச்சாவ. நாளைக்கும் ஒன்னயச் சட்டியில கொண்டுவாரேன்னு அம்மாட்ட சொல்லுன்னாவ. பொறவு திரும்பிட்டாவ."

மாரி சொல்லிக்கொண்டே போனாள். தங்கபுஷ்பம் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தாள், சட்டை எது, செருப்பு எது, கையை எப்படித் தூக்கினார், இந்தக் கையா அந்தக் கையா என்று. சொல்கிற வாயைப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பல் சற்றுத் தள்ளி முளைத்திருந்தது, அவனுக்கும் அப்படித்தான். மூக்கோரம் ஒரு பரு. காது ஓட்டையில் போட்ட வேப்பங்குச்சி தோடு இல்லாமல் அப்படியே இருந்தது. வெயிலில் கன்னம் கறுத்து உரிந்திருந்தது. பெரிய பெண்ணாகிக்கொண்டிருந்தாள், தனக்குத் தெரியாமலே. கண் எரிந்தது, தண்ணீர் கொட்டியது, ஆனாலும் தங்கபுஷ்பம் கண்ணை எடுக்கவில்லை.

அன்று அவள் அளத்துக்கும் போகவில்லை, மாரியைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. மாரியின் காலை வெந்நீரில் ஊறவைத்து, உப்பை ஊசிமுனையால் எடுப்பதுபோல எடுத்து, நர்சம்மா தந்த களிம்பைப் போட்டு, துணி சுற்றினாள். மறுநாள் காலை முகம் கழுவிச் சட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சட்டி நிறைய மாரி இருந்தாள், பருவும் தள்ளின பல்லும் வேப்பங்குச்சியுமாக. வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. பிறகு எழுந்துபோய் முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். உள்ளே நிஜப்பிள்ளை ரிப்பனைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தது.

பாலை வைத்தாள். மாரி பையை மாட்டிக்கொண்டு, துணி சுற்றின காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி, படியிறங்கினாள்.

"வாரேம்மா."

தங்கபுஷ்பம் "ம்" என்று சொல்லவில்லை. கரித்துணியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். மாரி தெருவில் நடந்தாள், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினாள், யாரிடமோ நின்று ஏதோ பேசினாள், மறுபடி நடந்தாள். பின்னால் அடுப்படியில் பால் சத்தம் மாறியது. பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து குணவதி, "ஏ தங்கம், பால்! பால் பொங்குது!" என்று கத்தினாள். தண்ணித்தொட்டிப் பக்கம் போய் மாரி நின்றாள், திரும்பிப் பார்த்தாள். வாசலில் அம்மா நிற்பதைக் கண்டு அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டு பாதிக் கையைத்தான் தூக்கினாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, தீய்ந்த வாடை தெருவரை வந்தது. பிள்ளை திருப்பத்தில் மறைகிறவரை தங்கபுஷ்பம் திரும்பவில்லை.